கம்புக்குப் பின்னால் அடைத்த சாக்கு

பன்றி வளர்க்கிறவள் என்றால் மட்டாஞ்சேரியில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிப் போவார்கள். கிறிஸ்மஸ் வந்தால் அதே ஆட்களில் பாதிப் பேர் பன்றி இறைச்சிக்காக ஒச்சம்மாளின் குடிசையைத் தேடிக்கொண்டு வருவார்கள். எனக்கு இது எப்போதுமே எரிச்சல். என் சாயாக்கடைக் கழுநீரும் எச்சில் சோறும் தினமும் அவள் குடத்தில்தான் போயின. அதனால் அவளை எனக்கு நன்றாகத் தெரியும்.

ராமநாதபுரம் பக்கத்துக்காரி. புருஷன் முத்துராமலிங்கம் வில்லிங்டன் தீவில் மூட்டை சுமந்தவன். ஒருநாள் மூட்டை அடுக்கு சரிந்து அவன் மேல் விழுந்தது; ஆள் அங்கேயே போய்விட்டான். அதற்குப் பிறகு ஒச்சம்மாள் தன் ஒரு வயிற்றுக்கே வழியில்லாமல், மகள் பாக்கியலக்ஷ்மியைத் திருப்பூணித்துறையில் ஒரு வீட்டு வேலைக்கு விட்டாள். எட்டு வயசுப் பிள்ளை. "வர்ற ஈத்துக் குட்டிய வளத்து வித்துட்டு, கிறிஸ்மஸுக்கு வந்து கூட்டிட்டுப் போயிருவேன் தாயி" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு பேரும் இருந்தார்கள்.

முந்தின ஈற்றில் பாதிக் குட்டிகள் தாயின் அடியில் நசுங்கிப் போயிருந்தன. தாய் கெட்டதில்லை. படுக்கும்போது சுவரில் முதுகைச் சாய்த்து, அப்படியே சரிந்து உடம்பை விட்டுவிடும். சுவரோரம் நிற்கிற குட்டிக்குத் தப்ப இடமிருக்காது. அடுத்த சந்தில் பன்றி வளர்த்த ராசப்பன் சேட்டன் வந்து, கொட்டிலின் சுவர் நெடுக ஒரு சாண் தள்ளி, ஒரு சாண் உயரத்தில் கமுகுக் கம்பு கட்டிக் கொடுத்தான். தாயின் முதுகு கம்பில் நின்றுவிடும். குட்டி கம்புக்கு அடியில் புகுந்து அந்தப்பக்கம் ஓடிவிடும்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் பன்றி ஈன்றது. ஒரு குட்டிகூடச் சாகவில்லை. அன்று கடையில் உட்கார்ந்து ஒச்சம்மாள் சிரித்தாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காயல் காற்றோடு மழை பிடித்தது. கொட்டிலின் பலகைச் சுவர் இடுக்கெல்லாம் சாரல். குட்டிகள் கம்புக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நடுங்கின. ஒச்சம்மாளின் தலைச்சன் பிள்ளை இப்படி ஒரு மழையில், பிறந்த வீட்டிலேயே சளி கண்டு செத்தது. பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது, பேறுகாலத்து அறையில் ஒரு ஓட்டையும் விடக்கூடாது என்று அன்றைக்குக் கேட்டது அவள் மனசில் முள்ளாகக் கிடந்தது. மிளகுக் கிடங்கில் கிழிந்த சாக்குகளைக் கேட்டு வாங்கி வந்தாள். சுவருக்கும் கம்புக்கும் நடுவே, ஒரு விரல் போக இடமில்லாமல், சுற்றிலும் திணித்தாள். குட்டிகளைத் தாயின் வயிற்றோடு விட்டாள். காற்று நின்றது. அவளும் நிம்மதியாகத் தூங்கினாள்.

விடிந்து ராசப்பன் போனபோது தாய் சாக்கோடு ஒட்டிப் படுத்திருந்தது. ஒரே ஒரு குட்டி மட்டும் பால் குடித்துக்கொண்டிருந்தது. மற்றவை தாயின் அடியில் நசுங்கிக் கிடந்தன. ராசப்பன் ஒரு சாக்கை உருவினான்.

"சேச்சி, இது குட்டிக்கு ஓடி ஒளியான் விட்ட இடமாணு."

"குளுருமேன்னுதானே அண்ணே அடைச்சேன்" என்றாள். அவன் மிச்சச் சாக்கையும் உருவிப் போட்டான். கொஞ்சம் அன்பு குறைவாக இருந்திருந்தால் அவள் பிழைப்பு தப்பியிருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

மிஞ்சிய குட்டியும் தாயும் கிறிஸ்மஸுக்கு முன்பே அவள் வயிற்றுக்காக விலை போயின. சொன்ன சொல்லுக்காகக் கிறிஸ்மஸ் அன்றைக்குத் திருப்பூணித்துறைக்குப் போனாள். போனது வெறுங்கையோடு. திரும்பி வந்து அவளே சொன்னாள்.

பிள்ளை துணிமூட்டையோடு வாசலில் நின்றிருந்தாளாம். "குட்டியெல்லாம் வலுதாயோ அம்மா?" என்று, பெரிசாகிவிட்டதா என்பதை அந்த வீட்டு மலையாளத்திலேயே கேட்டாளாம். "இங்க குளுருதா தாயி?" என்று மட்டும் இவள் கேட்டாளாம். இல்லை என்று தலையாட்டிவிட்டு, பிள்ளை தானாகவே மூட்டையைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தாளாம்.