உள்ளே நகர்ந்த வேலி

காணி அளக்கப் போகும் இடமெல்லாம் எல்லைச் சண்டைதான். அக்கராயனில் நான் சந்தித்த மனிதர் வேறு மாதிரி. மெலிந்தவர். கதைத்துக்கொண்டே, வேலிக்குக் கீழால் வந்த மூங்கில் முளைகளைக் குதிக்காலால் மிதித்து முறித்தார். பக்கத்துக் காணியின் மூங்கில் பற்றை எல்லைக்கல்லையே விழுங்கியிருந்தது.

“அடியோடை கிண்டி எடுக்கலாமே?” என்றேன்.

“நட்டவர் யுத்தத்திலை காணாமல் போனவர், ஐயா. அவரின்ரை மனிசி இன்னும் தேடித் திரியிறா. நான் கிண்டினால், அவர் இனி வரமாட்டார் எண்டு அவாவுக்குச் சொன்ன மாதிரி.”

“அப்ப என்ன செய்யப் போறியள்?”

“மாரிக்கு மாரி வேலியைக் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளிப் போடுறன்.”

அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

போன மாரியில் அந்த வழியால் போனேன். வேலி அவருடைய கிணற்றுக் கட்டைத் தொட்டிருந்தது.