மூவெந்திர மாதிரி ஏவுகணையொன்றை ஏவ அனுமதி கோரல்

தலைப்பு என்னுடையதுதான். பொலிஸ் நிலையத்துக்கு நான் எழுதிய கடிதமொன்றின் பொருள்வரி அது. எழுதி முடித்து வாசித்தபோது அதன் சொற்புணர்ச்சி எனக்கு மிகுந்த திருப்தியளித்தது. பல்கலைக்கழகத்தில் முப்பது வருடம் பௌதிகம் கற்பித்தவன் நான். பாடநூல்களுக்கான கலைச்சொற்குழுவொன்றிலும் இருந்தவன். ரொக்கெற் என்பதைத் தமிழில் ஏவுகணை என்றே எழுத வேண்டும் என்று அக்குழுவில் ஒரு பிற்பகல் முழுவதும் வாதாடி வென்றவனும் நானே. அன்று மாலை அந்த வெற்றியை வீட்டில் அறிவித்தபோது, என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே, “இஞ்சேருங்கோ, பிள்ளையளுக்கு ரொக்கெற் எண்டாலே விளங்கும்” என்றாள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

அவள் கிளிநொச்சிப் பக்கத்துப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்தாள். பரீட்சைக்கு முன் ஒரு ரொக்கெற்றை வானத்தில் விட்டு, அது எட்டிய உயரத்தைத் திரிகோணகணிதத்தால் கண்டுபிடிக்க வைப்பதாக அவ்வகுப்புக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். வெளிநாட்டிலிருந்த தம்பியிடம் சொல்லி, பகுதிகளை ஒட்டிப் பொருத்தும் பெட்டியொன்றை வரவழைத்தாள். மூன்று எஞ்சின்கள் பூட்டுகிற வகை. ஓர் எஞ்சின் போதாதா என்று கேட்டேன்.

“ஒண்டு எண்டா அது வெறும் சீனவெடி. மூண்டும் ஒரே நேரம் பத்தவேணும். அதிலைதான் கணக்கு இருக்கு” என்றாள்.

செய்முறைத் தாளில் பதினான்கு படிகள் இருந்தன. எட்டாவது படியில் நோய் குறுக்கிட்டது. அதன்பின் அந்தப் பெட்டி குசினி அலுமாரியின் மேல் இருந்தது. அவள் போய் ஏழு மாதங்களின் பின் நான் அதைக் கீழே இறக்கினேன். பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதங்கள் இருந்தன. பரீட்சை முடிந்தால் அந்தப் பிள்ளைகள் கலைந்து போய்விடுவார்கள். அவள் கொடுத்த வாக்கு ஒன்று நிறைவேறாமலே நிற்கும். என் நோக்கம் அவ்வளவுதான். அதைத் துக்கத்தோடு சேர்த்து எவரும் பார்ப்பதை நான் விரும்பவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், ‘இது ஒரு விஞ்ஞானச் செயன்முறை’ என்றே சொல்லிவந்தேன்.

ஒன்பதாவது படி, எஞ்சின் குழாய்கள் மூன்றில் கடைசிக் குழாயை ஒட்டுவது. தாளின் ஓரத்தில் அவளுடைய பென்சில் எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: ‘இதை இவரிட்டைக் குடுக்கக்கூடாது.’ நான்தான் ஒட்டினேன். பசை காய அரை மணித்தியாலம் போதும் என்றிருந்தது. ஒரு மணித்தியாலம் கொடுத்தேன். ஆயினும் அந்தக் குழாய் மற்ற இரண்டிலிருந்தும் ஒரு மயிரிழை விலகியே நின்றது. எது எவருடைய வேலை என்று பார்ப்பவர்கள் கேட்கத் தேவையிருக்கவில்லை.

எஞ்சின் என்பது வெடிமருந்து அடைத்த கடதாசிக் குழாய். அதை விமானத் தபால் ஏற்காது. கொழும்பில் உத்தரவுப்பத்திரம் பெற்ற வியாபாரி ஒருவரிடம் இருந்தது. பொலிஸாரின் கடிதத்தைக் காட்டினால் மட்டுமே தருவார். ஆகவேதான் நான் அந்த விண்ணப்பத்தை எழுத நேர்ந்தது.

மூன்றாம் நாள் காலை படலையில் மூவர் நின்றனர். சீருடை அணிந்தவர் ஒருவர், அணியாதவர் ஒருவர், மொழிபெயர்ப்பதற்கு ஒருவர். குசினி மேசைக்கு அழைத்துச் சென்று காட்டினேன். செம்மஞ்சள் மூக்குடைய கடதாசிக் குழாயைச் சுற்றி அவர்கள் இருமுறை நடந்தனர். சீருடை அணியாதவர் அதைச் சாண் போட்டு அளந்தார். ஐந்து சாண்.

“எந்த இலக்கை நோக்கி எண்டு கேக்கினம்” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

“மேலை.”

“மேலை என்ன இருக்கு எண்டு கேக்கினம்.”

“இப்போதைக்கு ஒண்டுமில்லை.”

அந்தப் பதில் எழுதிக்கொள்ளப்பட்டது.

அடுத்து மாவட்டச் செயலகத்தில் ஒரு கூட்டம். நீண்ட மேசையொன்றில் பதினொரு அதிகாரிகள், ஆளுக்கொரு றோல்ஸ், தேநீர். புகையினால் தேனீக்களுக்குக் கேடு வருமா என்று விவசாய அதிகாரி கேட்டார். யானைகளின் தரப்பில் ஆட்சேபனை இல்லை என்றும், ஆனால் அதை எழுத்தில் தர முடியாது என்றும் வனவிலங்கு அதிகாரி தெரிவித்தார். மிதிவெடி அகற்றுவோரின் பிரதிநிதி, அது இன்னும் துப்புரவாக்கப்படாத காணியில் விழுந்தால் எடுக்கப் போவது யார் என்று கேட்டார். அன்று கேட்கப்பட்ட ஒரேயொரு அறிவார்ந்த கேள்வி அது. ஆகவே அதற்கு எவரும் பதிலளிக்கவில்லை. கூட்டத்தின் முடிவு எனக்குத் தபாலில் வந்தது: ‘இச்செயற்பாட்டுக்கு ஆட்சேபனை எதுவுமில்லை. எனினும் அனுமதி வழங்கும் அதிகாரம் இக்கூட்டத்துக்கு இல்லை.’ அதில் ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு மாதம் போயிற்று. அயலில் கதை பரவியது. வயலுக்குப் போகிறவர்கள் என் வேலியருகில் சைக்கிளை வேகமாக மிதித்தனர். இந்த மண்ணில் ‘கணை’ என்று முடியும் ஒரு சொல் காதில் விழுந்தால் ஆட்கள் வானத்தைப் பார்ப்பதில்லை. பதுங்குவதற்குப் பங்கர் எங்கே என்று நிலத்தைப் பார்ப்பார்கள். நானும் அந்தப் பங்கர்களில் இருந்தவன்தான். குழுவில் வென்ற பிற்பகலில் அதை எப்படி மறந்தேன் என்பதற்கு இன்றுவரை என்னிடம் விளக்கமில்லை.

எங்கள் பிரிவின் கிராம அலுவலர் ஒரு பெண்மணி. ஒருநாள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

“சேர், குறை நினைக்காதேங்கோ. உந்தக் கணையை எடுத்துப்போட்டு வாணம் எண்டு எழுதுங்கோ. கிழமைக்குள்ளை நான் வாங்கித் தாறன்.”

“வாணம் வேறை, இது வேறை.”

“கீழை நெருப்பு, மேலை போகும். என்ன வேறை?”

மூன்றாம் இயக்க விதியின்படி அவர் சொன்னதில் பிழையில்லை. முப்பது வருடம் அதைக் கற்பித்தவன் நான். அவர் கைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். ‘வாணம், வெடி கொளுத்துவதற்கான அனுமதி.’ நோக்கம் என்ற இடத்தில் மூன்றே பெட்டிகள்: ஆலய உற்சவம், திருமண வைபவம், இறுதிக்கிரியை.

“விஞ்ஞானம் எண்டு ஒரு பெட்டி இல்லையோ?”

“இல்லை சேர். ஆக்கள் இந்த மூண்டுக்குத்தான் கொளுத்துறவை.”

“கோயில் எண்டு போடுவமோ?”

“போடலாம். கோயில் தலைவரிட்டைக் கையெழுத்து வாங்கவேணும். வாங்கினா அடுத்த வருசம் உங்களைத்தான் செயலாளராக்குவார். கலியாணம் எண்டா மாப்பிள்ளை பொம்பிளையின்ரை பேர் வேணும்.” அவர் மூன்றாவது பெட்டியின் மேல் விரலை வைத்தார். “மற்றதுக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் மட்டும் காணும்.”

அவளுடைய செத்தவீட்டுக்கு வெடிக்கட்டுகளோடு வந்த அயலவர்களை நான் படலையிலேயே திருப்பி அனுப்பியிருந்தேன். படித்த வீட்டுக்கு அந்தச் சத்தம் அழகல்ல என்று சொன்னேன். அவர்கள் திரும்பிப் போனார்கள். சத்தமில்லாமல்தான் அவளைக் கொண்டுபோனோம்.

மூன்றாவது பெட்டியில் அடையாளமிட எவ்வளவு நேரம் பிடித்தது என்று எனக்குத் தெரியாது. அதற்குள் கிராம அலுவலர் தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் குசினியில் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, கதிரையில் மறுபடி அமர்ந்திருந்தார்.

அனுமதி ஐந்தாம் நாள் வந்தது. கொழும்பிலிருந்து ஆறு எஞ்சின்கள் வந்தன. இரண்டு முறை விடப் போதுமானவை.

முரசுமோட்டையில் அறுவடை முடிந்த வயலொன்றைத் தெரிவு செய்தோம். வகுப்புப் பிள்ளைகள் அட்டையில் செய்த கோணமானிகளோடு காலையிலேயே வந்துவிட்டனர். வயற்காரர் தமது உழவு இயந்திரத்தின் பற்றரியைக் கழற்றித் தந்தார். மேற்பார்வைக்கு ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் அனுப்பப்பட்டிருந்தார். தெற்கைச் சேர்ந்த சிங்கள இளைஞர். வகுப்பில் தமிழ் கற்றவர்.

“வணக்கம் ஐயா. நான் நிகழ்வைப் பார்வையிடுவதற்காக வருகை தந்துள்ளேன்” என்றார்.

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டனர். ஒருத்தி மட்டும், “உங்கடை தமிழ் எங்கடை தமிழ் ரீச்சரின்ரையை விட நல்லம்” என்றாள்.

“மிக்க நன்றி, சகோதரி” என்றார் அவர். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

வயலில் நட்ட கம்பியில் ரொக்கெற்றை நிறுத்தி, மூன்று எஞ்சின்களுக்கும் வயர் கொழுவினேன். எல்லோரையும் வரம்புக்கு அப்பால் அனுப்பிவிட்டு, ஐந்திலிருந்து எண்ணி, பொத்தானை அழுத்தினேன். இரண்டு பற்றின. மூன்றாவது பற்றவில்லை. அது எந்தக் குழாயிலிருந்தது என்று நான் பார்க்கவேண்டியிருக்கவில்லை. ரொக்கெற் கம்பியை விட்டு எழுந்து, தென்னை உயரம் நேராகச் சென்று, பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல் கிழக்கே சரிந்து ஏறியது. உச்சியில் ஒரு சிறு சத்தம். பரசூட் விரிந்தது. அது வாய்க்கால் கட்டுக்கு இப்பால், துப்புரவான நிலத்திலேயே இறங்கியது.

பிள்ளைகள் அதை எடுக்கக்கூட ஓடவில்லை. வரம்பிலேயே குந்தியிருந்து சண்டை பிடித்தனர்.

“சரிஞ்சு போனதுக்கு உந்தக் கணக்குச் சரிவராதடி!”

“வரும். ரெண்டு பக்கத்தாலையும் கோணம் எடுத்தாச் சரி. ரீச்சர் சொல்லித் தந்தவா, நீ அண்டைக்கு நித்திரை.”

“நீதான் நித்திரை!”

கடைசியில் ஓர் உயரத்துக்கு வந்தனர். நான் வழியைச் சரிபார்த்தேன். வழி சரியாக இருந்தது. அது என் வழியல்ல, அவளுடையது.

“சேர், இன்னொருக்கா விடுவம். இந்தமுறை மூண்டும் பத்தோணும்” என்றாள் நித்திரைகொண்டதாகச் சொல்லப்பட்டவள்.

நான் உத்தியோகத்தரைப் பார்த்தேன். அவர் அனுமதிப்பத்திரத்தை விரித்து, விரலால் வரிவரியாகத் தொட்டு வாசித்தார். பிறகு மெய்யான வருத்தத்தோடு நிமிர்ந்தார்.

“மன்னிக்கவும் ஐயா. ஒருவருக்கு ஒரு மரணம் மட்டுமே.”

பிள்ளைகள் கோணமானிகளைக் கீழே வைத்தனர். அந்த வாக்கியத்தில் திருத்துவதற்கு எதுவும் இருக்கவில்லை.

“ஓம்” என்றேன். “அப்ப முடிஞ்சுது எண்டு எழுதுங்கோ.”

அவர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். அனுமதிப்பத்திரத்தோடு இணைத்திருந்த படிவத்தில் நான் கையால் எழுதிய பெயரை உற்றுப் பார்த்தார். அவருடைய தமிழ் அச்செழுத்தில் கற்றது. பேனையை உயர்த்தி, “இறந்தவரின் பெயர் யாது?” என்று கேட்டார்.

சொன்னேன்.

வெட்டவெளி, காற்று அடித்தது. கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் காட்டினார். மறுபடியும், எழுத்தெழுத்தாக, வகுப்பின் பின்வரிசைக்குக் கேட்கும் குரலில் சொன்னேன்.