ஒட்டுக்காரி பழனியாத்தாள்

பூவைப் பறித்து, கட்டைவிரல் நகத்தால் இரண்டாகப் பிளந்து, உள்ளே ஒரு பார்வை. "ஆணுங்க." அடுத்த மரம். "இதும் ஆணுங்க." மூன்றாவது மரத்தின் பூவைப் பிளந்ததும் பழனியாத்தாளின் முகம் மலர்கிறது. "அம்மணி வந்துட்டா!"

ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு நடுவே ஜாதிக்காய் வைத்தவர்களில் இவரைத் தெரியாதவர் குறைவு. ஜாதிக்காய் மரம் சரியான அழுத்தக்காரி. ஆறேழு வருஷம் தண்ணீர் குடித்துவிட்டு, பூத்த பிறகுதான் தான் ஆணா பெண்ணா என்று வாய் திறக்கும். ஆண் காய்க்காது. பத்துப் பெண்ணுக்கு ஓர் ஆண் போதும். தோப்பிலோ பாதிக்குப் பாதி ஆணாக நிற்கும். கோடாரியைத் தேடும் தோட்டக்காரரிடம், "வெட்டிப்போடாதீங்க, பொண்ணாக்கித் தாரனுங்க" என்பார். ஆண் மரத்தை மார்பளவில் அறுத்துவிட்டு, புதிதாகக் கிளம்பும் துளிரில் பெண் மரத்து மொட்டை வைத்து ஒட்டுக் கட்டுவார். மூன்று நான்கு வருஷத்தில் காய்.

வயது நாற்பத்தைந்து. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, இடுப்பில் உறையோடு ஒட்டுக்கத்தி. அந்தக் கத்தியால் மாங்காய் நறுக்கிய குற்றத்துக்காகக் கணவர் சின்னானோடு இரண்டு நாள் பேசவில்லை. நகரத்து வீட்டில் நட இரண்டு கொட்டை கேட்ட எனக்கும் திட்டு கிடைத்தது: "காந்திபுரத்து வெயில்ல வெச்சுக் கொன்னுபோடுவீங்க. அதுக்கு நெழல் வேணும், ஈரம் வேணும். கொட்டை காஞ்சுதுன்னா மொளைக்காது, பறிச்ச சூட்டுல நட்டுப்போடோணும். உங்களுக்கு ஆகாதுங்க."

நான் போயிருந்த அன்று, பழனியாத்தாள் முன்பு வேலை செய்த ஆறுச்சாமியின் தோப்பைப் பார்க்க, பக்கத்து ஊர்த் தோட்டக்காரர் அங்கப்பன் வந்திருந்தார். அவரிடம் நூறு ஆண் மரம் இருக்கிறது. பழனியாத்தாளின் கைவேலையைப் பார்த்துப் பிடித்திருந்தால் நூறும் இவருக்கு. இல்லையென்றால் கேரளத்திலிருந்து ஆள் வரும். மூன்று மழைக்காலத்துக்கான வேலை. அவ்வளவு பெரிய தோப்பு அதுவரை பழனியாத்தாளுக்கு வாய்த்ததில்லை.

ஐந்தாறு வருஷத்துக்கு முன் ஆறுச்சாமியின் தோப்பில் இருபது மரத்துக்கு ஒட்டுக் கட்டியிருந்தார். பதினேழு நெட்டுக்குத்தாக நின்று காய்த்திருந்தன. ஆறுச்சாமி பெருமையாக அந்தப் பக்கம் கையைக் காட்டினார். பழனியாத்தாளோ வாய்க்காலைத் தாண்டி, மூலையில் இருந்த மூன்று மரங்களிடம் போய் நின்றுகொண்டார்.

"ஏனுங்க, மொதல்ல இதைப் பாருங்க."

மூன்றும் உயரவே இல்லை. புதர் மாதிரி பக்கவாட்டில் படர்ந்து கிடந்தன.

"பொண்ணுதானுங்க. ஆனா பக்கக் கொப்புல எடுத்த மொட்டு. நேரா நிக்கற குருத்துல எடுத்தாத்தான் மரம் மேல போகும். அப்ப மொட்டுன்னா எல்லாம் ஒண்ணுதானேன்னு கட்டிப்போட்டனுங்க."

ஆறுச்சாமிக்கு இது புதுச் செய்தி. "அதான் நாலு காய் புடிச்சிருக்குதே, உடு பழனியாத்தா" என்று கண்ணைக் காட்டினார். வேலை கைக்கு வரும் நேரத்தில் யாராவது இப்படிச் செய்வார்களா?

"இன்னைக்கு நாலு காய்ங்க. இன்னும் ரெண்டு வருஷம் போனா இது படர்ந்து வாய்க்காலை அடைச்சுப்போடும், தென்னைக்குத் தண்ணி கட்ட வழி இருக்காது. நானே அறுத்து, மறுக்காக் கட்டித் தாரேன். கூலி வேண்டாமுங்க."

அங்கப்பன் சிரிக்கவில்லை. "உங்க தப்பை நீங்களே காட்டறீங்க. அப்பறம் நூறு மரத்தை எப்படிங்க நம்பி உடறது?"

"எந்த மொட்டை எடுக்கக்கூடாதுன்னு இந்த மூணுலதானுங்க கத்துக்கிட்டேன். உங்க தோப்புல கத்துக்க மாட்டேன்."

பதிலுக்குக்கூடக் காத்திராமல் கைரம்பத்தை எடுத்து, பழைய ஒட்டுக்குக் கீழே அடிமரத்தில் வைத்துவிட்டார். ரம்பம் பாதி இறங்கியதும் மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்படியே விழுந்தால் கீழே மிச்சமிருக்கும் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். பிறகு அதில் துளிர் வராது.

"ஆராச்சும் தாங்கிப் புடிங்க" என்றார் திரும்பாமலே.

ஆறுச்சாமி இன்னும் காயையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டைக்காரர் அங்கப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு, இலைக்குள் குனிந்து நுழைந்து, மரத்தைத் தோளில் வாங்கிக்கொண்டார்.