மூன்று பக்கம் தைத்த போர்வைகள்

துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒட்டுப்போர்வை தைக்கிறவனுக்குத் தொடங்குவதைப் போல ஒரு சுகம் வேறெதிலும் கிடையாது. முடிப்பதில் என்ன சுகம் என்பதை முடித்தவர்களைத்தான் கேட்கவேண்டும். ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டரையும் மூக்கு வைக்காத எம்ப்ராய்டரிக் கிளியையும் டிரங்குப்பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கும் என் இனத்தாரே, இது உங்களுக்காக.

எனக்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ராத்திரி வேலை. காலையில் மேலகரத்துக்கு வந்து படுத்தால் தூக்கம் வராது. உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் வேண்டாத நினைப்பெல்லாம் வரும். லாட்ஜ் ரூமில் யாரோ விட்டுப்போன வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒட்டுப்போர்வைப் படங்களைப் பார்த்து, பழைய தையல் மிஷின் ஒன்றை வாங்கி, குரு இல்லாமலே கற்றுக்கொண்டேன். குரு இருந்திருந்தால் கடைசிப் பாடத்தையும் நடத்தியிருப்பார்.

ஏழெட்டு வருஷம் பொறுத்துப் பார்த்த என் மனைவி செண்பகம் ஒருநாள் கெடு வைத்தாள். இந்த சீசன் முடிவதற்குள் ஒரே ஒரு போர்வையாவது முழுசாக முடிந்து வீட்டைவிட்டுப் போகவேண்டும். இல்லையென்றால் மிஷின் அச்சன்புதூரில் இருக்கும் அவள் தங்கைக்கு. தங்கை ஜாக்கெட் தைப்பவள், தொட்டால் முடிப்பவள். மிஷின் போனால் பகல் பூரா எனக்கு உத்தரம்தான். அந்தக் கெடுவுக்கு முன்னால் நடந்தவை மூன்று, கெடுவுக்குள் நடந்தது ஒன்று.

கல்யாணச் சீர்

பக்கத்துத் தெரு அரிசிக்கடை அண்ணாச்சி மகள் கல்யாணச் சீருக்கு ஒரு போர்வை கேட்டார். ‘வெளிநாட்டு டிசைன்’ என்று நான்தான் ஆசை காட்டியிருந்தேன். தென்காசி டெய்லர் கடைகளில் ஒரு சாக்கு வெட்டுத்துணி பொறுக்கி வந்து, சிவப்பு, மஞ்சள், ஊதா என்று கண்ணைப் பறிக்கிற மாதிரி பாதி தைத்ததும், பெருமை தாங்காமல் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாதியில் யாருக்கும் காட்டக்கூடாது என்பது முதல் பாடம். பாதிக்கு மேல் காட்ட என்னிடம் என்றைக்கு இருந்தது?

அண்ணாச்சி அதை ஒரு சுற்று சுற்றி வந்தார். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று யோசித்தார். பிறகு ஞாபகம் வந்துவிட்டது. பூம்பூம் மாட்டின் முதுகில்.

“மருமகன் தலையாட்டுவான்னு தெரிஞ்சுதான் பொண்ணக் குடுக்கேன் வே. அதுக்காக இப்பமே முதுகுல துணியப் போடணுமா?”

சாரலில் பஞ்சு

அடுத்து லாட்ஜ் முதலாளி. சீசன் குளிருக்கு ரூமுக்கு ஒன்றாகப் பஞ்சு வைத்த போர்வை வேண்டும் என்றார். உற்சாகமாகத் தொடங்கினேன். தொடங்கியது ஆடி மாதம். குற்றாலத்துச் சாரலில் கொடியில் போட்ட துண்டே நாலு நாள் காயாது. நான் மூட்டை மூட்டையாகப் பஞ்சு வாங்கித் திண்டு மாதிரி திணித்தேன். முதல் போர்வையின் ஓரத்தைத் தைப்பதற்குள் முதலாளிக்கு அவசரம், அப்படியே மாடி ரூமில் விரித்துவிட்டார்.

அங்கே தங்கியிருந்த மதுரைக்காரர் காலையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இறங்கி வந்தார். முதுகில் அங்கங்கே பஞ்சு. மிச்சப் போர்வைகள் என்னவாயின என்று கேட்காதீர்கள்.

“அருவியில நனையத்தான் சார் காசு செலவழிச்சு வந்தோம். படுக்கையிலயும் நனையணும்னு முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?”

பிறந்த பிள்ளைக்கு

எதிர்வீட்டு டீச்சர், மகளின் பேறுகாலத்துக்கு ஒரு சின்னப் போர்வை கேட்டார். சின்னதென்றால் முடித்துவிடலாம் என்று நானே நம்பினேன். புத்தம்புது வெட்டுத்துணியாகப் பார்த்துச் சதுரம் சதுரமாக நறுக்கி முக்கால்வாசி சேர்த்தும்விட்டேன். பச்சைப்பிள்ளையைப் புதுத்துணியில் கிடத்தமாட்டார்கள், துவைத்துத் துவைத்து இளகிய பழைய வேட்டிதான் வேண்டும் என்பது ஊரில் எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. பிரித்தேன். பழைய வேட்டி தேடினேன். என் வேட்டிகள் எல்லாம் இன்னும் கட்டிக்கொண்டிருப்பவை.

அதற்குள் பிள்ளை பிறந்து, குப்புற விழுந்து, தவழ்ந்து, எங்கள் வாசல்வரை நடந்தே வந்துவிட்டது. பின்னாலேயே டீச்சரும் வந்தார்.

“அவசரமே இல்ல சார். இவன் பள்ளிக்கூடம் போகும்போது குடுங்க, பெஞ்சுல விரிச்சு உக்காந்துக்கிடட்டும்.”

கடையநல்லூர் பெரியவர்

கெடு வைத்த வருஷம் கடையநல்லூரிலிருந்து ஒரு ராவுத்தர் பெரியவர் வந்தார். மகன் சவூதியில். அவன் உடுத்திக் கழித்த சாரங்களை (லுங்கியை எங்கள் பக்கம் சாரம் என்போம்) பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். லீவில் வருகிறவனுக்கு அவற்றையே போர்வையாக்கிப் போட வேண்டுமாம். இந்த முறை நான் எதிலும் தவறவில்லை. கட்டத்தோடு கட்டம் சேர்ந்தது. பஞ்சுக்குப் பதில் உள்ளேயும் சாரமே. மூன்று பக்கம் முடிந்தது. நாலாவது பக்கம் ஒரு மணி நேர வேலை. கெடு முடிய இரண்டு நாள் இருந்தது. செண்பகம்கூட மிஷினுக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தாள்.

அன்றைக்கு மத்தியானம் பெரியவர் வந்து, மிஷினில் கிடந்த துணியின் மேல் கையை வைத்துத் தடுத்தார். போன வருஷம் மகன் வருகிறான் என்று வீட்டுக்கு வெள்ளையடித்தார்களாம், லீவு இல்லை என்று கடிதம் வந்தது. அதற்கு முந்தின வருஷம் புதுக்கட்டில் செய்து போட்டார்களாம், அப்போதும் அதே கடிதம்.

“நாம எதையும் முடிச்சு வச்சா அங்கன கம்பெனிக்காரனுக்கு எப்படியோ தெரிஞ்சிருது தம்பி. ஒரு பக்கம் தெறந்தே இருக்கட்டும்னு அவன் உம்மா சொல்லுதா. அவன் வந்து எறங்கட்டும், கொண்டாரேன், தச்சுத் தாங்க.”

செண்பகம் நிலைப்படியில் நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் மிஷினைப் பார்த்தாள். நூலை அறுத்து, போர்வையை மடித்து, பெரியவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். செண்பகம் எண்ணெய்க் குப்பியை மூடி வைத்தாள்.

“இத்தன வருசத்துல சொன்னபடி நீங்க குடுத்தது இது ஒண்ணுதான். ஆனா கெடு கெடுதான்.”

அச்சன்புதூர் போன மறுவாரமே மிஷின் நாளுக்கு மூன்று ஜாக்கெட் முடிக்கிறதாம், ஆக இத்தனை வருஷமும் கோளாறு மிஷினில் இல்லை என்ற ஒரு விஷயமாவது எனக்கு முழுசாக முடிந்தது.