இருபத்தைந்து புள்ளி ரெண்டு

ஆம்பூரில் நான் வேலை பார்த்த தோல் தொழிற்சாலையில் புள்ளிக்கு அப்புறம் நாலு வராது. மூணோடு சரி. பன்னிரண்டே முக்கால் சதுர அடித் தோல் என்றால் அதன் பின்பக்கம் 12.3 என்று எழுதுவார்கள். மூன்று கால் என்று அர்த்தம். அரை அடிக்கு .2. 12.3-க்கு மேல் இன்னும் ஒரு கால் ஏறினால் நேராக 13. அந்த வட்டாரத்தில் தோல் அளக்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

நான் அங்கே ஸ்டாக் கம்ப்யூட்டரில் உட்காருகிறவள். டிப்ளமாதான் படித்திருந்தேன். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஸ்டாக் மென்பொருள் ஒன்றை இறக்கி, அதை இயக்கும் நிரலை, அதாவது கோடைத் திறந்து, கூட்டல் கழித்தலை எங்கள் கால் கணக்குக்கு மாற்றி வைத்திருந்தேன். உள்ளே இருக்கும் கோடை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை அதை உருவாக்கியவர்களுக்கே அனுப்பலாம். நன்றாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள், திருத்தியவர் பெயரையும் போடுவார்கள். வேலூரிலிருந்து தினம் பஸ்ஸில் நசுங்கி வருகிற எனக்கு இது நம்ப முடியாத விஷயமாக இருந்தது.

அப்போதுதான் தொழிற்சாலையை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. கழிவுநீர்ப் பிரச்சினை. முதலாளி பாய் எல்லோரையும் கூப்பிட்டு, "இன்னா பண்றது, என் கையில இல்ல. இந்த மாசத்தோட சரி. வேற இடம் பார்த்துக்குங்க" என்றார். அவர் குரலே சரியில்லை.

வேறு இடம்! டிப்ளமாவை வைத்துக்கொண்டு எங்கே போவது? இனி வீட்டில் அம்மா ஒருத்தி சம்பாத்தியம்தான், அதுவும் ஆஸ்பத்திரியில் அட்டெண்டர் வேலை. அந்த மென்பொருளின் மெயில் குழுவில் பெங்களூர்க்காரர் ஒருவர் இருந்தார், சொந்தமாகச் சின்னக் கம்பெனி நடத்துகிறவர். வெட்கத்தை விட்டு அவருக்கு எழுதினேன். பதில் போட்டார். "டிகிரி எனக்கு வேண்டாம். இந்த மென்பொருளில் உங்கள் திருத்தம் ஒன்று சேரட்டும், உங்கள் பெயரை அங்கே பார்க்கிறேன். மாசக் கடைசிக்குள் ஆள் எடுக்கிறேன்." அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு. என் வாழ்க்கையே அந்த ஒரு திருத்தத்தில் போய் நின்றுகொண்டது.

திருத்த ஒரு தப்பும் கையில் இருந்தது. பிரிண்ட் எடுத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரி விழாது. நாங்கள் அதைப் பேனாவால் எழுதிக்கொள்வோம். தேடித் தேடி, பக்கத்தின் வரிகளை எண்ணுகிற இடத்தில் ஒன்று குறைவதைக் கண்டுபிடித்தேன். ஒரே ஒரு வரி கோடு. மாற்றினேன், விழுந்தது. ஜெபம் பண்ணிவிட்டு அனுப்பினேன்.

ஜெபம் பண்ணினவள் கொஞ்சம் பார்த்தும் அனுப்பியிருக்கலாம். அந்த ஒரு வரியை மட்டும் பிரித்து எடுக்காமல், என் கம்ப்யூட்டரில் மாறியிருந்த அத்தனையையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். எங்கள் கால் கணக்கும் அதோடு போய்விட்டது.

அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்காரர் ஒருவர், மெயில் குழுவில் எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதினார். "பிரிண்ட் திருத்தம் நன்று. ஆனால் உங்கள் மாற்றத்தைச் சேர்த்தால் கூட்டல் கெடுகிறது. 12.3-உம் 12.3-உம் கூட்டினால் 25.2 என்று வருகிறது. கவனிக்கவும்."

கவனித்தேன். திரும்பத் திரும்பக் கவனித்தேன். எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை! முக்காலும் முக்காலும் ஒன்றரை. இருபத்தைந்து புள்ளி ரெண்டு. வேறென்ன வரும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோல் அளக்கிற அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணே, பன்னெண்டு மூணும் பன்னெண்டு மூணும் எவ்ளோண்ணே?"

"இருபத்தஞ்சு ரெண்டு. ஏம்மா?"

"நல்லா பார்த்து சொல்லுங்கண்ணே."

"இதுல இன்னாம்மா பார்க்கறது?" என்று மெஷினில் அடுத்த தோலை விட்டார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. திரும்பி வந்து அதே குழுவில் எழுதினேன். "அனுபவம் உள்ளவர்களிடம் விசாரித்துவிட்டேன். விடை 25.2 தான். தயவுசெய்து உங்கள் பக்கம் சரிபார்க்கவும்." என் வாயும் கோபமும் ஊரறிந்ததுதானே! அனுப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நானும் அம்மாவும் கோழிக்கடையில் நின்றோம். எலெக்ட்ரானிக் தராசில் 1.500 என்று வந்தது. "ஒண்ணர கிலோ இருக்கும்மா" என்றார் கடைக்காரர். புள்ளிக்கு அப்புறம் அஞ்சு. நான் அந்த அஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். அட கர்த்தரே! உலகம் முழுக்க அரை என்றால் அஞ்சு. எங்கள் தோலில் மட்டும்தான் அது ரெண்டு. வெள்ளைக்காரர் கணக்கில் 12.3-உம் 12.3-உம் 24.6. கணக்கில் நல்ல மார்க் வாங்கினவள் நான். அளவுச் சீட்டுகளை அடித்து அடித்து, புள்ளியைப் பார்த்தாலே கால் கணக்கு என்று மண்டையில் ஏறியிருந்தது. அம்மா தோளைப் பிடித்து உலுக்கி, "ஏன்டி, மயக்கம் வருதா?" என்றாள்.

மறுநாள் போனால் தொழிற்சாலையில் கரண்ட் இல்லை. ஆபீசர்கள் வந்து இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போயிருந்தார்கள். மாசக் கடைசிக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது. என் கோடு அந்தச் செத்த கம்ப்யூட்டருக்குள் கிடந்தது. பாய் முன்னால் நின்றபோது எனக்கு அழுகைதான் வந்தது.

"இன்னாம்மா, நான்தான் அழணும். இன்னா வேணும் உனக்கு?"

"அந்த சிபியூ, முதலாளி. ஒரு நாளைக்கு மட்டும்."

"எடுத்துக்கினு போ. இனிமே அத வெச்சி நான் இன்னா பண்ணப் போறேன்?"

மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பஜாருக்குப் போனேன். பள்ளத்தில் ஆட்டோ குதிக்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். பிரவுசிங் சென்டர்காரர் முதலில் முடியாது என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே ஒயரைப் பிடுங்கி மாட்டிக்கொடுத்தார். கால் கணக்கை எல்லாம் நீக்கி, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து, மன்னிப்பும் எழுதி அனுப்பப் போகும்போது பார்த்தால், வெள்ளைக்காரரின் மெயில் முன்பே வந்திருந்தது.

அவருக்குக் கோபமே இல்லை. "பிரிண்ட் திருத்தத்தை மட்டும் நானே எடுத்துச் சேர்த்துவிட்டேன். மேற்கொண்டு எதுவும் அனுப்ப வேண்டாம். நன்றி." திருத்தியவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது.

அதன் கீழே பெங்களூர்க்காரர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். என் 25.2 மெயிலை அவரும் படித்திருக்கிறார், குழுவில் எல்லோரும் படித்திருக்கிறார்கள். வேறொருவரை எடுத்துவிட்டதாக இரண்டு வரி. தோல், கால் கணக்கு, சிபியூ எல்லாவற்றையும் விளக்கி அவருக்கு நீளமாக ஒரு பதில் எழுத ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தி அழித்தேன். பிச்சை கேட்கிற மாதிரி இருந்தது.

சிபியூவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா டியூட்டி முடிந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"போன காரியம் இன்னா ஆச்சு?"

"சேத்துக்கிட்டாங்கம்மா."

கரண்டியோடு திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. "உன்னயா?"

"இல்லம்மா. நான் எழுதுன வரிய."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தட்டை எடுத்து வைத்தாள்.