அலாரம் பெயரில் வந்த சுற்றறிக்கை

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. கடைத்தெருவில் அதை யாரும் தொட்டதில்லை. அங்கே அவர் அலாரம், அவ்வளவுதான். பல வருஷம் தீயணைப்பான் விற்றவர். தெருவில் ஒரு கடையாவது தீப்பிடிக்கவில்லையே என்ற வருத்தத்தில்தான் அந்தத் தொழிலை விட்டார் என்று டயர் கடைக்காரர் சொல்வார். பிறகு வியாபாரிகள் சங்கம் அவரைப் பாதுகாப்புச் செயலாளர் ஆக்கியது. கம்ப்யூட்டருக்குள் புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற திருடர்கள் சின்னக் கடைகளையும் விடுவதில்லை என்று கேள்விப்பட்ட அன்றே மனிதருக்கு இளமை திரும்பிவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, உழைத்தார். சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குள் நுழைந்து மெயின் சுவிட்சை அணைப்பார். "கரண்ட் போச்சு, நெட் போச்சு, டவரும் விழுந்துடுச்சு. இப்ப எப்படி வியாபாரம் பண்ணுவீங்க?" என்று கேட்பார். சலூன்காரர் நின்றுபோன மெஷினும் கையுமாக, பாதித் தலை முடிந்திருந்த வாடிக்கையாளரைக் காட்டி, "அதை இவர்கிட்டயே கேளுங்க" என்றார்.

கடைக்காரர்களைச் சோதிக்கப் போலிக் கடிதம் தயாரித்து அனுப்புவதில்தான் அவர் கைதேர்ந்தவர். பரிசு விழுந்திருக்கிறது என்பார், லைசென்ஸ் ரத்தாகிறது என்பார். கம்ப்யூட்டரில் அதைத் திறந்தவர்களின் பெயரை மாதக் கூட்டத்தில் மேடையேறி வாசிப்பார். சபை விழுந்து விழுந்து சிரிக்கும். அடுத்த தடவை அந்தக் கடைக்காரர் சொந்த மாமனாரின் கடிதத்தைக்கூடத் திறக்க மாட்டார். போனில் யாராவது "அவசரம்" என்றால் மாதா மாதம் மாறும் ரகசிய வார்த்தையைக் கேட்க வேண்டும். சொல்லத் தெரியவில்லை என்றால் வைத்துவிட்டு, தெரிந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட வேண்டும். இது சட்டம். வாரம் ஒருமுறை ஒவ்வொரு கடையும் தன் தகவல்களின் நகலைச் சங்க அலுவலகத்தில் உள்ள அவருடைய கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும். அதுவும் சட்டம். "யார் கடை போனாலும் என்கிட்ட ஒண்ணு இருக்கும்" என்று மார் தட்டிக்கொள்வார். அவருடையது போனால் என்று யாரும் கேட்கவில்லை. பூனைக்கு மணி கட்டுகிறவரிடமே போய் மணி எங்கே என்று யார் கேட்பார்கள்?

அந்தத் தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தது அவருடைய சொந்தத் தங்கை. பாவம், நல்ல மனசு. யார் என்ன அனுப்பினாலும் திறந்து பார்த்து நன்றி சொல்லிப் பதில் போடுகிறவள். அடுத்தடுத்த கூட்டங்களில் அவள் பெயரே வந்தது. கடைசித் தடவை வாசித்தபோது சபைக்கு முன்னால் முதலில் சிரித்தவர் அண்ணன்தான். அவள் டீகூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டாள். அதற்கப்புறம் வீட்டுக்கு வருவதை நிறுத்தினாள். "ரோஷக்காரி, தானா வருவா" என்று அவர் மனைவியிடம் சொல்லிக்கொண்டார். வரவில்லை.

ஒரு நாள் காலை அவருடைய கம்ப்யூட்டரில் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. சங்கத்தின் முத்திரை, கீழே பாதுகாப்புச் செயலாளர் என்று அவருடைய பெயர். எப்போது எழுதினோம் என்று ஞாபகம் வரவில்லை. ஆனால் தலைப்பு நன்றாக இருந்தது. தான் எழுதியதைத் தானே மறுபடி படித்து ரசிப்பதில் அவருக்கு ஒரு தனிப் பிரியம். திறந்தார்.

திரை சிவந்தது. பணம் கட்டினால்தான் பூட்டைத் திறப்போம் என்றது. தெருவின் நகல் மொத்தமும் அந்தப் பூட்டுக்குள் போய்விட்டது.

அதே சுற்றறிக்கை எல்லாக் கடைக்கும் போயிருக்கும். யார் திறந்தாலும் அவர்கள் கதை முடிந்தது, ஏனென்றால் வேறு பிரதி எங்கும் இல்லை. முதலில் நினைவுக்கு வந்தது தங்கைதான். எத்தனையோ குடும்பங்களின் செத்துப்போன முகங்கள் அவள் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. அம்மா சிரித்தபடி இருக்கிற ஒரே படமும் அங்கேதான். போன் போட்டார்.

"நான்தாம்மா பேசறேன், அவசரம். என் பேர்ல ஒண்ணு வந்திருக்கும், திறக்காதே! பிளக்கைப் பிடுங்கு!"

"இந்த மாச வார்த்தை?"

வார்த்தை கம்ப்யூட்டரில் இருந்தது. "முள்ளங்கி!" என்றார் குத்துமதிப்பாக.

"அது போன மாசம்" என்று வைத்துவிட்டாள்.

அடுத்தடுத்து அச்சகம், சலூன், டயர் கடை. எல்லோரும் வார்த்தை கேட்டார்கள், வைத்தார்கள், சட்டப்படி ஒரே சமயத்தில் அவருக்கே திருப்பிக் கூப்பிட்டார்கள். லைன் அடைத்துக்கொண்டது. ஊருக்கு உபதேசம் பண்ணியவர் ஒரு வார்த்தை பேச வழியில்லாமல், கிடைத்த செருப்புகளை மாட்டிக்கொண்டு தெருவில் ஓடினார்.

ஸ்டூடியோவின் கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வார்த்தையைச் சொல்லுங்க."

"தெரியலம்மா. என் கம்ப்யூட்டர் போச்சு. நான்தான் திறந்தேன். தப்பு என்னோடதுதான்."

அவள் முகம் இன்னும் இறுகியது. "எங்க அண்ணன் தப்பை ஒத்துக்கறதா? அப்ப இது கண்டிப்பா டெஸ்ட்தான்."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய காலைப் பார்த்தாள். ஒன்றில் அவருடைய செருப்பு, மற்றதில் சங்கத்துக் காவலாளியுடையது. கதவைத் திறந்தாள்.

"திறந்துட்டியாம்மா? அம்மா படம்..."

"அம்மா பத்திரமா இருக்காங்க. உங்க பேரைப் பார்த்ததும் அழிச்சுட்டேன்" என்றாள். "உங்க பேர்ல வர்றதை இந்தத் தெருவுல யாருண்ணே திறப்பாங்க?"

உண்மைதான். தெருவில் ஒருவரும் திறக்கவில்லை. சங்கத் தலைவர் வந்து, இவ்வளவு அருமையான பயிற்சியை எந்தத் தெருவும் கண்டதில்லை என்று கை குலுக்கினார். அலாரம் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

மாதக் கூட்டம் வந்தது. வழக்கத்தை விட முடியாது. அவர் வைத்த வழக்கம். மேடையேறி அந்த மாதம் ஏமாந்தவரின் பெயரை வாசித்தார். பெற்றவர்கள் வைத்த பெயர். அது யாரென்று சபைக்குப் புரியவே கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் கூரை அதிரச் சிரித்தார்கள். சலூன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், தலைவர் நாற்காலியில் குலுங்கினார். அந்தச் சிரிப்பு மேடையிலிருந்து கேட்கும்போது எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். தன் பெயருக்குக் கேட்கும்போது காது மடல் இப்படிச் சுடும் என்று தெரியாது.

கீழே தங்கையைத் தேடினார். பின்வரிசையில் இருந்தாள். அவள் சிரிக்கவில்லை. கூட்டம் முடிகிறவரை தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், மறுபடியும் தன் பெயரையே வாசித்துவிட்ட மாதிரி.