மாடிப்படி கேட்டேன், கீழ் அறை கிடைத்தது

குழந்தை இயேசு கோயிலின் வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்கு வரும் சகோதர சகோதரிகளே, இடது பக்கம் இரண்டாவது தூணை ஒட்டி உட்காரும் ஸ்டெல்லா டீச்சர் எழுதுகிறேன். அந்தத் தூணின் மீது எனக்குத் தனிப் பக்தி என்று உங்களில் சிலர் நினைத்திருக்கிறீர்கள். பக்தியெல்லாம் இல்லை. பிடித்துக்கொண்டு எழுந்திருக்க வசதி.

1996 ஜூலை. பள்ளியின் இரண்டாவது மாடியிலிருந்து என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். கடைசி ஐந்து படிகளை நான் இறங்கவில்லை, உருண்டேன். வரிசையின் முதலில் நின்ற வாயாடிப் பெண் விரலை உயர்த்தி, "மிஸ் அவுட்!" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த மாதத்தில் நான் விழுந்தது அது மூன்றாவது முறை.

ஏன் விழுகிறேன் என்று எனக்கு இரண்டு வருடமாகவே தெரியும். நரம்பு டாக்டர் படம் வரைந்து விளக்கியிருந்தார். மூளை போடும் கட்டளை தண்டுவடம் வழியாகக் காலுக்கு வருவதற்குள் தேய்ந்துவிடுகிறதாம். கால்கள் கட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும். அபூர்வமான நோய், பரம்பரையாக வருவது.

"எங்க தெரு கார்ப்பரேஷன் தண்ணி மாதிரியா டாக்டர்? அங்க திறந்து விடுவாங்க, எங்க வீட்டுக்கு வந்து சேராது" என்றேன். டாக்டர் சிரித்துவிட்டு, குணப்படுத்த மருந்து கிடையாது என்றார். விறைப்பைக் குறைக்க மாத்திரை, தினமும் பயிற்சி, கையில் ஒரு தடி. என் மகளுக்கு வருமா என்று கேட்டேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். அதற்கு மேல் எனக்கு நகைச்சுவை ஓடவில்லை.

என் அம்மாவுக்கும் இதே நோய்தான். அப்போது அதற்குப் பெயர் கிடையாது, வெறும் "கால் வாதம்". கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று உள் அறையில் உட்கார வைத்தார்கள். யாராவது வந்தால் திரையை இழுத்துவிடுவார்கள். அந்தக் கொஞ்ச நாள் பன்னிரண்டு வருடம் நீண்டது. அம்மாவின் கால்கள் மட்டும்தான் நின்றுபோயின. மிச்ச வாழ்க்கையை நிறுத்தியது நாங்கள்.

அதனால் வீட்டுக்காரரைத் தவிர நான் யாரிடமும் சொல்லவில்லை. விழும்போதெல்லாம் செருப்பின் மீது பழி போட்டேன். கன்னட டீச்சர் நாகரத்னா என் பக்கத்து வகுப்பு. "ஏய் ஸ்டெல்லா, எத்தனை செருப்புதான் மாத்துவே? கடைக்காரன் உன் பேருக்குப் பூஜை போடறான் போ" என்பாள். கழிப்பறை கீழே, வகுப்பு மேலே. அவசரமாக இறங்க முடியாது என்பதால் காலையிலிருந்து மாலை வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். தொண்டை காய்ந்துபோய் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பேன்.

ஜூலையில் அப்படி உருண்டதற்கு மறுநாள் தலைமையாசிரியை சிஸ்டர் பிலோமினா கூப்பிட்டார்.

"இந்த டேர்ம் முடியட்டும் ஸ்டெல்லா. அப்புறம் கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்க. பிள்ளைங்க மேல விழுந்துட்டீங்கன்னா பேரன்ட்ஸுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

கொஞ்ச நாள். அம்மாவுக்குச் சொன்ன அதே வார்த்தை. வேலை போனால் எனக்கும் திரை விழும்.

குழந்தை இயேசுவிடம் ஒன்பது வியாழன் நேர்ந்துகொண்டேன். ஏழாவது வியாழனில் ஒரு மன்றாட்டுக் கடிதம் எழுதினேன். நம் கோயிலில் அன்று இரண்டு பெட்டிகள் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மன்றாட்டுப் பெட்டியில் போட்டால் கடிதத்தைப் பிரிக்காமல் பீடத்தில் வைப்பார்கள். நன்றிப் பெட்டியில் போட்டால் அடுத்த வாரம் மைக்கில் வாசிப்பார்கள். கூட்டம் என்னை இடித்தது. கால் விறைத்தது. பிடித்து நிற்க எந்தப் பெட்டி கைக்குக் கிடைத்ததோ அதைப் பிடித்தேன், அதிலேயே கடிதத்தையும் போட்டேன். எது என்று பார்க்கவில்லை.

எட்டாவது வியாழன். என் வீட்டுக்காரர் பெயர் ஆரோக்கியம் (எங்கள் வீட்டில் ஆரோக்கியம் அந்த அளவில்தான்). அவரும் என்னோடு வந்திருந்தார். மூன்று வரிசை முன்னால் சிஸ்டர் பிலோமினா. புதிதாக வந்த இளம் ஃபாதர் நன்றிக் கடிதங்களை வாசித்தார். ஒருவருக்கு மகன் வேலை, ஒருவருக்குச் சொந்த வீடு. மூன்றாவதைப் பிரித்தார்.

"அன்புள்ள குழந்தை இயேசுவே, இரண்டு வருடமாகக் கேட்கிறேன். நீர் குழந்தை என்பதால் பொறுத்துக்கொள்கிறேன். என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூட வீட்டுப்பாடத்தை இவ்வளவு தாமதமாகக் கொடுப்பதில்லை..."

கோயில் முழுக்கச் சிரிப்பு. ஃபாதரும் சிரித்தார். ஆரோக்கியம் என் காதருகே குனிந்து, "ஏம்மே, கேக்கறதுக்கு உன் கையெழுத்து மாதிரியே கீதே?" என்றார்.

எழுந்து ஓட நினைத்தேன். ஓடுகிற கால் இருந்தால் அந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேனே!

ஃபாதர் தொடர்ந்து வாசித்தார். அவர் சிரிப்பு நின்றது.

"...செருப்பு வழுக்கியது என்று எல்லாரிடமும் பொய் சொல்கிறேன், மன்னியும். இது அம்மாவிடமிருந்து வந்த நோய். குணமாகாது என்கிறார்கள். ஓடுவதற்குக் கேட்கவில்லை. மாடிப்படி ஏறி என் வகுப்புக்குப் போக முடிந்தால் போதும். அம்மாவைப் போல் திரைக்குப் பின்னால் என்னை உட்கார வைத்துவிடாதேயும். இப்படிக்கு, மூன்றாம் வகுப்பு டீச்சர்."

நான் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டேன்.

பூசை முடிந்து வெளியே வந்தால் வாசலில் சிஸ்டர் நிற்கிறார். முகம் சிவந்திருந்தது.

"இதுவரைக்கும் எத்தனை செருப்பு வாங்கினீங்க?"

"நாலு ஜோடி, சிஸ்டர்."

"மாடிப்படி ஏறணும்னு குழந்தை இயேசுவைக் கேட்டீங்க, சரி. கீழ் ரூம் வேணும்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? பழைய பெஞ்சு போட்டு வெச்சிருக்கிற ரூம் சும்மாதானே கிடக்குது? உடம்புல காயத்தோட வர்றீங்க, கேட்டா செருப்புங்கறீங்க. நான் என்னன்னு நினைக்கிறது?" என்றவர், என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "என்னை மன்னிச்சிடுங்க ஆரோக்கியம். நீங்க அடிக்கிறதாலதான் இப்படித் தள்ளாடி விழறாங்கன்னு நினைச்சுட்டேன். ரெண்டு மாசமா உங்க மனம் திரும்பணும்னு ஜெபம் பண்ணிட்டிருக்கேன்."

ஆரோக்கியம் கொஞ்சமும் அசரவில்லை. "பரவால்ல சிஸ்டர். அது வீணாப் போவாது, வேற கணக்குக்கு வெச்சுக்கறேன்."

மூவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் அழுதேன். சிஸ்டர் என் கையைப் பிடித்து, "டேர்ம் முடிஞ்சா ரெஸ்ட்னு சொன்னதை மறந்துடுங்க" என்றார். என் ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது அந்த நிமிடம்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

திங்கட்கிழமை மூன்றாம் வகுப்பு கீழே இறங்கியது. நாகரத்னா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பெஞ்சுகளை நகர்த்தினாள். "நீ ஸ்வல்ப ஓரமா உக்காரு தாயி. விழுந்து வெச்சா உன்னையும் சேர்த்துத் தூக்கணும்" என்றாள். கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும் என்று கேட்டேன். அதே வாரம் வந்தது. கேட்கப் பழகிவிட்டேன் பாருங்கள். கம்பி வந்த அன்று மதியம் வகுப்பறையில் உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீரை முழுசாகக் குடித்தேன். அது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று, கழிப்பறைக்குப் பயந்து தாகத்தோடு இருக்கிற பெண்களுக்கு மட்டும்தான் புரியும்.

ஒன்பதாவது வியாழன் தடியோடு கோயிலுக்கு வந்தேன். நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். நானும் நிமிர்ந்து பார்த்தேன்.

இது 2005. கால்கள் குணமாகவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். தூரமாகப் போக வேண்டுமென்றால் சக்கர நாற்காலி. இந்த ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட விழவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் இது சாட்சி, பொய் சொல்லக் கூடாது. விழுந்திருக்கிறேன். எழுந்து வாய்ப்பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறேன். ஒன்பது மூன்றாம் வகுப்புகள் என் கையைத் தாண்டிப் போயிருக்கின்றன. அந்தப் பிள்ளைகளின் கணக்கு மார்க்கைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் ஃபாதர் பேனாவைப் பிடுங்க வேண்டியிருக்கும். பெருமைதான், மறைக்க மாட்டேன்.

என் மகளுக்குப் பதினேழு வயது. நோய் அவளிடம் இருக்கிறதா என்று இன்னும் தெரியாது. "வந்தா வரட்டும்மா, நீ என்ன குறைஞ்சு போயிட்டே?" என்கிறாள். ஆண்டவரே, என் வாழ்க்கை அவளுக்கு இந்தப் பதிலைக் கொடுத்திருந்தால் அதுவே போதும்.

பயிற்சிக்குப் போகும் ஆஸ்பத்திரியில் பக்கத்து ஊர் ஆனேக்கல்லிலிருந்து வரும் சரசாவைப் பார்த்தேன். அவளுக்கும் இதே நோய். ஆஸ்பத்திரிக்கு வருவதைத் தவிர நாலு வருடம் வாசல் தாண்டாதவள். "வெளிய வந்தா சிரிப்பாங்க அக்கா" என்றாள். "சிரிக்கட்டும். நாம நல்ல ஜோக்கா சொல்லலாம்" என்றேன். இப்போது மாதத்தில் முதல் சனிக்கிழமை அவளும் நானும் இன்னும் ஐந்து பெண்களும் என் வகுப்பறையில் கூடுகிறோம். பிள்ளைகளின் குட்டி பெஞ்சில் உட்கார்ந்து ஜெபிக்கிறோம், பயிற்சி செய்கிறோம், வீட்டுக்காரர்களைப் பற்றிக் குறை பேசுகிறோம். சரசா இந்து. அவள் தன் சாமியைக் கும்பிடட்டும், எங்களோடு டீ குடிக்கட்டும். குழந்தை இயேசு கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இதை வாசிக்கிற உங்கள் வீட்டின் உள் அறையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கலாம். அவளுக்காக ஆண்டவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் மனிதரிடமும் வாய் திறந்து கேளுங்கள். ஆண்டவர் அந்த வழியாகத்தான் வருகிறார் என்பதை நான் கண்டேன். முதல் சனிக்கிழமை அவளைக் கூட்டி வாருங்கள். பள்ளி வாசலுக்கு நேரே மூன்றாம் வகுப்பு. கதவு திறந்திருக்கும். படி கிடையாது.